டில்மன் தோப்பில் ஒரு வெள்ளிக் காசு

மே மாதம் முடிவதற்குள் மண்ணுக்கடியிலிருந்து ஒரு வெள்ளிக் காசையாவது எடுத்தே தீருவேன் என்று சபதம் செய்தேன். மனசுக்குள் செய்திருக்கலாம். சாப்பாட்டு மேஜையில், என் மனைவி கார்லீன் எதிரில், முள்கரண்டியை ஆட்டிக்கொண்டு செய்தேன்.

"எடுக்கலேன்னா?" என்றாள்.

"எடுக்கலேன்னா என் மெட்டல் டிடெக்டரை சர்ச்சுல நடக்கிற பழைய சாமான் விற்பனைக்குக் குடுத்துடறேன்."

"உன் கையாலேயே குடுக்கணும்."

"சரி."

ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதன் எப்படி இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறான்? பல நாள் யோசித்தேன். எனக்கென்று இருந்தது, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்புகிற அந்தக் கருவி ஒன்றுதான். வீடு கார்லீன் பார்த்து வாங்கியது. சோபா அவள் தேர்ந்தெடுத்தது. நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் ஊர்ப் பூங்காவுக்குப் போனேன். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் போகிற இடம் அது. எனக்கு முன்னால் முப்பது வருஷமாகத் தொடங்கியவர்கள் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு, சோடா மூடிகளை எனக்காக விட்டுவைத்திருந்தார்கள். பிறகு எங்கள் கொல்லை. அங்கே தக்காளிச் செடிக்குப் போகிற தண்ணீர்க் குழாயைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்கும்வரை அது முழுசாக இருந்தது.

"நீ வசதியா நடக்கற இடமாத் தேடறே, வெர்லின்" என்றாள் கார்லீன், குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டே. "அந்தக் காலத்து ஜனங்க எங்க உக்காந்தாங்கன்னு தேடு. நின்னா காசு விழாது. உக்காந்து எழுந்தாத்தான் விழும்."

எரிச்சலாக இருந்தது. சரியாகச் சொன்னதால் இரட்டை எரிச்சல். மறுநாளே நூலகத்துக்குப் போய் நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய நில வரைபடம் ஒன்றை விரித்தேன். ஓடை வளைகிற இடத்தில், இப்போது இல்லாத ஒரு சாலையின் ஓரமாக, பொடி எழுத்தில் 'பிக்னிக் தோப்பு' என்று போட்டிருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! புல்லில் புரண்டு, வறுத்த கோழி தின்று, சட்டைப்பை காலியானது தெரியாமல் வீட்டுக்குப் போன எத்தனை பேர்!

தோப்பு இன்று மிஸஸ் டில்மனுடைய பண்ணைக்குள் இருக்கிறது. எங்கள் ஒகையோ மாநிலத்தில் சொந்தக்காரர் சம்மதிக்காமல் ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தோண்டக்கூடாது. கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். தட்டினேன். எண்பது வயது மிஸஸ் டில்மன் வலைக்கதவைத் திறக்காமலே பேசினாள்.

"என்ன விக்கறீங்க, மிஸ்டர்?"

"ஒண்ணும் விக்கலைங்க. உங்க தோப்புல கொஞ்சம் தேடணும்."

"என்ன தொலைச்சீங்க?"

"நான் எதுவும் தொலைக்கலைங்க."

"அப்புறம் எதுக்குத் தேடணும்?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. அவளுடைய நாய் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

மே முடிய மூன்று நாள். சர்ச் விற்பனைக்கான அட்டைப்பெட்டியைக் கார்லீன் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். டிடெக்டருக்கு நீளம் சரியாக இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் காப்பி குடிக்கப் போனேன்.

அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. கார்லீன் தட்டினால் எந்தக் கதவும் திறக்கும்.

"நீ போய்க் கேளேன்" என்றேன்.

"சரி, கேக்கறேன்."

"பந்தயத்துல நீ தோத்துடுவியே?"

"உன்னைப் பார்த்தாப் பாவமா இருக்கு."

அவள் என்மேல் பாவப்பட்ட தடவைகளை எண்ணிப் பார்த்திருந்தால் உஷாராகியிருப்பேன். என் கவலை வேறு பக்கம் இருந்தது. ஒருவன் நல்ல இடம் பிடித்தால் மறுநாள் எங்கள் ஊர் டிடெக்டர் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் அங்கே நிற்பார்கள். அதனால் அனுமதிச் சீட்டை நானே டைப் அடித்தேன். 'கீழே பெயர் எழுதப்பட்டவர் மட்டுமே தேடலாம். துணைக்கு யாரையும் அழைத்து வரக்கூடாது. இந்த அனுமதி வேறு யாருக்கும் செல்லாது.' கடைசி இரண்டு வரிக்கும் அடிக்கோடு போட்டேன். பெயரைச் சொந்தக்காரி கைப்பட எழுதினால்தான் கெட்டி என்று இடம் விட்டுவைத்தேன்.

மே முப்பத்தொன்று. கார்லீன் ஸ்ட்ராபெர்ரி கேக்கோடு உள்ளே போனாள். நான் வண்டியில் இருந்தேன். இருபது நிமிஷம். நாற்பது நிமிஷம். ஜன்னல் திரை விலகியது, இரண்டு தலைகள் என்னைப் பார்த்தன, திரை மூடியது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. படி."

படித்தேன். பெயருக்கு விட்ட இடத்தில் 'கார்லீன்' என்று இருந்தது.

"என் பேர் எங்க?"

"யாருக்கு வேணும்னு கேட்டாங்க. எனக்குன்னேன். நாய் துரத்தின ஆளுக்குன்னா குடுப்பாங்களா?"

"பரவாயில்லை, நானும் பின்னாடியே வரேன்."

"துணைக்கு யாரையும் அழைத்து வரக்கூடாது. அடிக்கோடு வேற போட்டிருக்கே!"

டிடெக்டரை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அதை எப்படிப் பிடிக்கணும்னு தெரியுமா உனக்கு?"

"எட்டு மாசமா நீ தப்பாப் பிடிக்கறதைப் பாத்துட்டுத்தானே இருக்கேன்?"

வேலிக்கு வெளியே நின்றேன். அவள் கண்டபடி அலையவில்லை. பழைய பெஞ்சுகள் எங்கே இருந்தன என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே நேராகப் போனாள். குனிந்தாள். தோண்டினாள். மண்ணை உதறினாள். மறுபடி குனிந்தாள். கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதா, கூடாது என்று வேண்டுவதா? எனக்கே தெரியவில்லை. வேலிக் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் விரல் நுனியில் ஏதோ மின்னியது.

"வெள்ளி!" என்று கத்தினாள்.

"வெள்ளியா? அப்போ டிடெக்டர் வீட்டைவிட்டுப் போகாதே?"

"போகாது. என் அலமாரியில இருக்கும். எடுத்தது நான்தானே?"

"வியாழக்கிழமையாவது எனக்குத் தாயேன். ஒரே ஒரு நாள்."

"வியாழக்கிழமை உனக்கு வேலை இருக்கே. மிஸஸ் டில்மனுக்கு, ஜோடி ஜோடியா ஆடுவாங்களே அந்த ஸ்கொயர் டான்ஸுக்கு, ஜோடி கிடைக்கலையாம். சும்மாவா குடுப்பாங்க தோப்பை?"

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"உனக்குச் சொந்தக்காரி யாரோ அவளைக் கேட்டாப் போதும்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."