இங் போடத் தெரியாத சிறுத்தை

ஒரு காட்டில், மழை இரண்டு வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காட்டில், பேச்சிமுத்து என்றொரு சிறுத்தை குடும்பத்தோடு இருந்தான். ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒரு மான் தின்றவன். ஆறு மாதமாக அதை அடியோடு விட்டுவிட்டான். மான்கறி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது என்று மனைவி செல்லக்கிளியிடம் சொன்னான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஓணானும் காட்டெலியுமாகக் காலம் ஓடியது.

ஓடாதது தண்ணீர்தான். குளமும் ஓடையும் காய்ந்துபோய் மருதஞ்சுனையில் மட்டும்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. அதை மான்களின் குழு ஒன்று நிர்வகித்தது. சுனைக்குப் போகும் பாறை இடுக்கில் ஒரு யானை காவல் நிற்கும். அனுமதிச் சீட்டு இல்லாமல் அதன் காலைத் தாண்டி யாரும் போக முடியாது. சீட்டு வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுத வேண்டும். அதுவும் இங்கிலீஷில். யார் பாஷையில் எழுதுவது என்று யானைகளும் பறவைகளும் மூன்று மாதம் சண்டை போட்ட பிறகு, எவருக்குமே வராத பாஷையாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே கஷ்டம் என்று குழு முடிவெடுத்திருந்தது.

செல்லக்கிளி குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் இல்லாமல் பால் வற்றத் தொடங்கியது. பேச்சிமுத்து மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதினான். மான் தின்பதை நிறுத்திவிட்டேன் என்பதுதான் அதில் முக்கியமான வரி. 'ஐ ஸ்டாப்டு டு ஈட் டியர்' என்று எழுதினான். கடிதத்தின் உச்சியில் 'டு' போட்டுத்தானே தலைவர் பெயரையே எழுதுகிறார்கள்? அப்படியானால் அது மரியாதையான சொல், நடுவிலும் ஒன்று கிடந்தால் நல்லதுதான் என்று நினைத்தான்.

குழுவின் எழுத்தர் செண்பகவல்லி என்ற பெண்மான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தவள் இரண்டடி பின்வாங்கினாள். மான் தின்பதற்காக நின்றேன் என்று எழுதியிருக்கிறாயே, எங்கே நின்றாய், இப்போதும் அதற்காகத்தான் நிற்கிறாயா என்று கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்றுதான் எழுதினேன் என்று பேச்சிமுத்து கெஞ்சினான். எழுதியதைத்தான் நாங்கள் படிக்க முடியும், மனசைப் படிக்க வேறு குழு இருக்கிறது, அது கூடி நாலு வருஷமாகிறது என்று சொல்லிவிட்டு அவள் சிவப்பு முத்திரை குத்தினாள்.

அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கழுதைப்புலி 'ஐ ஸ்டாப்டு ஈட்டிங் டியர்' என்று எழுதி நீட்டியது. அதன் கடைவாயில் புள்ளித்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிழையில்லை என்று செண்பகவல்லி பச்சை முத்திரை குத்தி அனுப்பினாள்.

பேச்சிமுத்து கழுதைப்புலியைத் தேடிப் போய் விசாரித்தான். எல்லாம் தாவீது சாரின் டியூஷன் என்று தெரிந்தது.

தாவீது சார் ஒரு கருமந்தி. வயசு அதிகமில்லை. ஆனால் சுற்றுலா விடுதியின் கூரையிலேயே பிறந்து வளர்ந்தவர். இலுப்பை மரத்தடியில் வகுப்பு. சிறுத்தைக்கு மரமேறத் தெரியும் என்பதால் பேச்சிமுத்து வந்த அன்றிலிருந்து நுனிக்கிளையில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் வந்தால் அடுத்த வினைச்சொல்லின் வாலில் இங். வாண்ட், ஹோப், பிராமிஸ் வந்தால் அதன் முன்னால் டு. இதைப் பேச்சிமுத்து பதினைந்து நாள் உருப்போட்டான். விடிந்ததும் புல்லில் பனித்துளியை நக்கிவிட்டு வந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஒட்ட ஒப்பித்தான். வீட்டில் செல்லக்கிளி ஈரவேரைச் சப்பிக்கொண்டே கேள்வி கேட்டாள். வாண்டுக்கு டு என்றால் என்ஜாய்க்கு மட்டும் ஏன் இங் என்று ஒருநாள் அவனுக்குச் சந்தேகம் வந்து சாரிடம் கேட்டான்.

"ஏன்னு கேட்ட எவனும் பாஸானதில்லை," என்றார் தாவீது சார்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. சில சொற்களுக்குப் பின்னால் இரண்டும் வரும், ஆனால் அர்த்தம் மாறிவிடும் என்பதையும், இன்னும் சில சொற்களுக்கு எது வந்தாலும் ஒன்றுதான் என்பதையும் அப்படியே விழுங்கிக்கொண்டான்.

இரண்டாவது விண்ணப்பத்தில் ஒரு பிழை கிடையாது. ஆனாலும் ஒருமுறை சிவப்பு முத்திரை வாங்கியவர்கள் தலைவரிடம் வாய்மொழித் தேர்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. தலைவர் கொம்பையா பெரிய கிளைக்கொம்புகளுள்ள புள்ளிமான். லைக் என்ற சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று கேட்டார். இரண்டும் வரலாம், அர்த்தம் மாறாது என்றான் பேச்சிமுத்து. வாக்கியத்தில் அமைத்துக் காட்டச் சொன்னார்.

பதற்றத்தில் பேச்சிமுத்துவுக்கு வேறு எந்த வினைச்சொல்லும் ஞாபகம் வரவில்லை.

"ஐ லைக் ஈட்டிங் டியர். ஐ லைக் டு ஈட் டியர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. குழுவினரின் காதுகள் விறைத்தன. ஒரு மான் ஓடத் தயாராகக் காலைத் தூக்கிவிட்டது. கொம்பையா மட்டும் கண்ணை மூடி இரண்டு வாக்கியத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு, இரண்டும் சரி, பத்துக்குப் பத்து என்று அறிவித்தார். தூக்கிய காலைக் கீழே வைத்து அந்த மானும் மற்றவர்களோடு சேர்ந்து தரையைத் தட்டிப் பாராட்டியது.

சீட்டைக் காட்டி உள்ளே போனதும் செல்லக்கிளி வயிறு முட்டக் குடித்துவிட்டுக் குட்டிகளிடம் ஓடினாள். அதற்குப் பிறகுதான் பேச்சிமுத்து சுனையில் வாய் வைத்தான். குடித்து நிமிர்ந்தபோது கொம்பையா பக்கத்திலேயே, காலை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒரு நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். வெகுநாளாக ஒரு சந்தேகம், குழுவில் கேட்டால் மரியாதை போய்விடும் என்று தணிந்த குரலில் சொன்னார். ரிக்ரெட் என்ற சொல்லுக்குப் பின்னால் டுவா, இங்கா?

ஒரு கெட்ட சேதியை இனிமேல் சொல்லப் போகிறோம், அதற்காக வருந்துகிறோம் என்றால் டு. செய்து முடித்துவிட்ட ஒன்றுக்காக வருந்தினால் இங் என்று பேச்சிமுத்து விளக்கினான்.

"செஞ்சு முடிச்சதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்களேன்," என்றார் கொம்பையா.

பேச்சிமுத்து தண்ணீரைப் பார்த்தான். கொம்பையாவின் நிழல் அதில் ஆடியது. இடது கொம்பில் ஒரு கிளை உள்பக்கமாக வளைந்திருந்தது. கடைசியாக அவன் தின்ற இளமானுக்கும் அதே வளைவு. பிடித்தபோது அது அண்ணே, அண்ணே என்றுதான் கத்தியது.

"ஐ ரிக்ரெட் ஈட்டிங் யுவர் பிரதர்," என்றான்.

தம்பி வேறு காட்டுக்குப் பிழைக்கப் போயிருக்கிறான் என்று அம்மாவிடம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் கொம்பையா. கண் நிறைந்து ஒரு சொட்டு நோட்டில் விழுந்தது. குத்துவதென்றால் குத்தட்டும் என்று பேச்சிமுத்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கொம்பையா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நனையாத பக்கத்தைத் திருப்பி, அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக எழுதினார்.

"முடிஞ்சுபோன காரியம். அப்ப இங்தான்," என்று சொல்லி, ஈட்டிங் என்ற சொல்லின் அடியில் இரண்டு கோடு போட்டார்.

நீதி: யாரை வேண்டுமானாலும் தின்னலாம், தின்றதை வினைச்சொல் பிசகாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.