ஒன்பது நல்ல இடங்களும் ஒரு கணுக்காலும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா இரண்டு காலிலும் நலம். நான் வலது காலில் மட்டும் நலம். இடது காலைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறோம் என்று தெரிந்ததும், நாங்கள் போகிற நகரத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் "போட்டோ எடுக்க நல்ல இடங்கள்" என்று தலைப்புப் போட்டு ஒன்பது இடங்களை எழுதி, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்பது வரை குறித்து அனுப்பியிருந்தாய். உன் அக்கறைக்கு நன்றி. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி உருப்படியாக ஒரு படம் இல்லை என்பது அவளுடைய நெடுநாள் குறை. "ஊர்ல இருக்கிற எலும்பையெல்லாம் படம் எடுத்தீங்க, என்னோட நின்னு ஒண்ணு எடுத்துக்க முடியலையா?" என்று நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

முதல் இடம் ஆற்றுப் பாலம். "காலை ஆறு மணி, ஆள் நடமாட்டம் இருக்காது" என்று எழுதியிருந்தாய். வாஸ்தவம். நடமாட்டம் இல்லை, எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. கல்யாணக் கோலத்தில் இரண்டு ஜோடி, ஒற்றைக்காலில் கைகூப்பி ஒரு அம்மாள், கேமராவுக்கு ஸ்டாண்டு போட்டு நாற்பது பேர். உன் அக்காவைக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் திரும்பினால், தொப்பி போட்ட ஒருத்தன், "சார், என் ஃப்ரேமுக்குள்ள நிக்கிறீங்க" என்கிறான். "தம்பி, நான் பாலத்து மேலதான் நிக்கிறேன்" என்றேன். "அது உங்களுக்குப் பாலம், எனக்கு ஃப்ரேம்" என்றான். அதற்குள் சூரியன் வந்துவிட்டது. ஒருத்தராவது அதைப் பார்க்க வேண்டுமே! அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலிருந்த போனில் தங்கள் மூஞ்சியைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பாட்டுக்கு வந்து, கவனிக்க நாதியில்லாமல் மேலே போய்விட்டது.

அடுத்தது சந்துக்குள்ளே இருக்கிற நீலக் கதவு. ஒரு கதவைப் பார்க்க வரிசையில் நிற்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு இளஞ்ஜோடி. "உன்னால ஒரு காரியம் ஒழுங்கா செய்ய முடியுமா?" என்று அவள், "நீ முதல்ல மூஞ்சியை ஒழுங்கா வை" என்று அவன், வரிசை முழுக்கச் சண்டை. முறை வந்ததும் அவன் தோளில் இவள் தலை, இவள் இடுப்பில் அவன் கை, அன்று காலையில்தான் காதல் வந்த மாதிரி ஒரு பார்வை. எடுத்து முடித்ததும், "உங்க அம்மா புத்திதானே உனக்கு வரும்" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

எங்கள் முறை வந்தது. உன் அக்கா படியில் உட்கார்ந்து கதவில் சாய்ந்தாள். நான் பழக்கதோஷத்தில், "மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே" என்றேன். அவள் அசையவில்லை. கதவு அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ திறக்க, உன் அக்கா மல்லாக்க அந்த வீட்டுக்குள்ளேயே போய் விழுந்தாள். தூக்கிவிட ஒரு கை நீளவில்லை மச்சான், முப்பது போன் நீண்டது.

கதவைத் திறந்த அம்மாள் கையில் காய்கறிப் பை. "என் வீட்டை விட்டு நான் வெளியே போக இவங்ககிட்ட அனுமதி கேக்கணுமா?" என்று அழாத குறை. கடையில் மீந்த பெயின்ட் மலிவாகக் கிடைத்ததென்று நீலம் அடித்தாளாம். அன்றிலிருந்து இந்தக் கூத்து. "பொறுக்க முடியாம பச்சை அடிச்சேன் சார். நாலு நாள் நிம்மதியா இருந்தேன். அஞ்சாம் நாள் யாரோ வந்து திரும்ப நீலம் அடிச்சிட்டுப் போயிட்டான்!" பிறகு உன் அக்காவைத் தூக்கி, "வந்தது வந்துட்டீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ஒண்ணேகால் மணி நேரம்! வெளியே என்னை யார் கேட்டது? சும்மா நிற்கிறவன் கிடைத்தான் என்று, "அங்கிள், ஒரே ஒரு படம்" என்று வரிசையே என் கையில் போனைத் திணித்தது. எடுத்துத் தொலைத்தேன். ஒரு பெண் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

மூன்றாவது இடம்தான் காலை வாரியது. ஏழாவது மாடி ஓட்டல், மொட்டைமாடி, பின்னால் மொத்த நகரமும் தெரியும் என்றாய். தெரிந்தது. ஆனால் மணிக்கூண்டு உள்ளே வந்தால் உன் அக்கா வரவில்லை, உன் அக்கா வந்தால் மணிக்கூண்டு வரவில்லை. ஓரடி பின்னால் போனேன், இன்னொரு அடி போனேன். "பின்னால பாருங்க, பின்னால பாருங்க" என்று அவள் கத்தினாள். "நீ கேமராவைப் பாரு" என்று அதட்டினேன். அடுத்த அடிக்கு மாடி இல்லை, மூன்று படிதான் இருந்தது. பூந்தொட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் இடது கணுக்காலை எக்ஸ்ரே எடுத்த பெண்ணிடம், "இன்னும் கொஞ்சம் உள்பக்கமா திருப்பும்மா, அப்பதான் மூட்டு தெளிவா விழும்" என்று வலியோடு சொல்லிக்கொடுத்தேன். "சார், நீங்க பேஷன்ட்" என்றாள். உன் அக்கா அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல எடுத்ததுலயே இதுதான் தெளிவா வந்திருக்கு. ஆனா இதுலயும் நான் இல்லை" என்றாள்.

அவள் ஆசைக்காக நான் எடுத்தது மொத்தமே பன்னிரண்டு படம். அந்தப் பைத்தியம் என்னைப் பிடிக்கவில்லை. இனி இந்த ஜென்மத்தில் கேமராவைத் தொடமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன். நீயும் உன் மனைவி மக்களும் சகல நன்மையும் பெற்று, இன்னொருவருக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்காமல் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். நீ எழுதினது ஒன்பது இடம்தான். அந்தப் பட்டியல்ல பத்துலருந்து இருபத்தாறு வரைக்கும் எழுதிச் சேர்த்தது உன் அத்தான். படம் பன்னிரண்டு இல்லை, ஆயிரத்து இருநூறு. அதுல நான் இருக்கிறது நாலு, மீதியெல்லாம் ஜன்னல், குழாய், தெருவிளக்கு. அந்தக் கதவுகிட்ட யாரும் இவர் கையில போனைத் திணிக்கலை. இவரேதான் கைதட்டிக் கூப்பிட்டு நிக்க வச்சு எடுத்தார், நான் வெளியே வந்து கூப்பிட்டும் வரலை. கட்டுப் பிரிக்க மூணு வாரம் இருக்கு, அதுக்குள்ள அடுத்த ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. உன்கிட்ட பட்டியல் கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு. இப்பவும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதறேனா, என் மேல வெளிச்சம் அழகா விழுதாம். "நிமிராதே, அப்படியே எழுது"ங்கிறார். கட்டுப் போட்ட காலோட நாற்காலி மேல ஏறி நிக்கிறார். நாற்காலி ஆடுது. பேனாவை வைக்கிறேன்.