அமெரிக்காவுக்கு ஒரு நவநாள்

இந்த முறை அகஸ்ரீனாவை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று சபதம் எடுத்தேன். இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு, என்னைக் கூப்பிட்டவள் அவள். இங்கே எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான். முதலில் பெண் வந்து ஒரு சின்யோரா வீட்டில், இத்தாலிய எசமானியிடம், வேலை பிடிப்பாள். புருஷன் பெட்டியோடு பெட்டியாகப் பின்னால் வருவான். கோயிலிலும் கடையிலும் எனக்குப் பெயரே இல்லை. அகஸ்ரீனாவின் புருஷன், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்கா விசா லொத்தர் வைத்தது. வெறுந்தாளில் பெயர், பிறந்த நாடு, பெண்சாதி பிள்ளைகளின் விபரம் எழுதி, படம் ஒட்டி, ஒரு மாதத்துக்குள் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கே கொம்பியூட்டர் குலுக்கி எடுக்கும். விழுந்தவர் நேர்முகத்தில் தப்பினால் குடும்பத்தோடு விமானம் ஏறலாம். விழாதவருக்குக் கடிதமே வராது.

எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கடிதத்தை மடிக்கும்போது அகஸ்ரீனா எட்டிப் பார்த்தாள்.

“ஒண்டோ போடப் போறியள்?”

“பின்னை?”

“மாதாவுக்கு நவநாள் ஒரு நாளோடையே விடுறம்?”

நியாயமான கேள்வி. ஒன்பது நாள் செபம் சொல்லி, நாளுக்கு ஒன்றாக ஒன்பது கடிதம் போட்டேன். முத்திரைக்கு நாக்குக் கொடுத்தவளும் அவளே. கோயில் வாசலில் கூட்டாளி பீலிக்ஸைப் பிடித்து, நியூயோர்க் போனதும் உன்னையும் கவனிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆடி மாதம் அவள் வேலையால் வந்து பெரிய கவர் ஒன்றை மேசையில் வைத்தாள். அமெரிக்க முத்திரை. நான் துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டுக் கிழவி விளக்குமாற்றுத் தடியால் தன் கூரையை இடித்தாள். கடிதத்தை இழுத்துப் பார்த்தேன். விசா விழுந்துதான் இருந்தது, அகஸ்ரீனாவின் பெயருக்கு.

“நீரும் போட்டனீரோ?”

“ஓம், ஒண்டு. சின்யோரா வீட்டு விலாசத்திலை. புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொண்டு போடலாம்.”

“அப்ப என்ர ஒம்பதும்?”

“ஒராள் ஒண்டுதான் போடலாமப்பா. கூடப் போட்டால் எல்லாத்தையும் கழிச்சுப்போடுவினம்.”

“தெரிஞ்சுகொண்டோ எனக்கு நவநாள் கதை சொன்னனீர்?”

அவள் சிரிக்கக்கூட இல்லை. “நீங்கள் கூட்டிக்கொண்டு போயிருந்தால் சாகுமட்டும் அதையெல்லோ சொல்லிக் காட்டுவியள்.”

எனக்குக் கோபம் வந்தது. அமெரிக்கா போகிற சந்தோஷமும் கூடவே பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் எப்படி வைப்பது? என்னையும் சேர்த்திருக்கிறீரோ என்று மெல்லக் கேட்டேன்.

“ஓமப்பா. பிள்ளையளுக்கு மேலைதான் உங்கட பேரை எழுதினனான்.”