மீன் வளர்ச்சித் துறை

மனித குல வரலாற்றை மூன்று காலங்களாகப் பிரிக்கலாம். மீனைப் பச்சையாகத் தின்ற காலம், சுட்டுத் தின்ற காலம், எங்கள் உணவகத்தின் வாசலில் படகைக் கட்டிவிட்டு வந்து தின்னும் காலம். மூன்றாவது காலத்தைத் தொடங்கி வைத்தவர் என் மச்சான். அதை நிர்வகிக்கும் பேறு பெற்றவன் அடியேன்.

ஏரிக்கரையில், படகுத்துறையை ஒட்டி எங்கள் உணவகம். 'நீங்கள் பிடியுங்கள், நாங்கள் சமைக்கிறோம்' என்று பலகை. சொந்தப் படகில் உல்லாசமாகச் சுற்றுகிறவர்கள், பிடித்த மீனை வாளியோடு எங்களிடம் கொடுத்துவிடலாம். அரை மணியில் வறுத்து மேஜைக்கு வரும். இந்த உன்னதத் திட்டத்தில் ஒரே ஒரு சிறு குறை: அவர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. வாளியில் விரல் நீளத்துக்கு ஒன்று கிடக்கும். மேஜையில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மச்சான் கலங்கவில்லை. கூட்டம் போட்டார். கலந்துகொண்டோர்: அவர், நான், சமையல்கார அக்கா.

"வாளிக்கும் மேஜைக்கும் நடுவுல மீன் கொஞ்சம் வளரட்டும்," என்றார் மச்சான்.

"செத்த மீன் எப்படிங்க வளரும்?" என்று கேட்டார் அக்கா. தொலைநோக்கு இல்லாத கேள்வி.

அந்த வாரமே சமையலறைக்குப் பின்னால் ஆளுயர ஃப்ரீசர் ஒன்று வந்து இறங்கியது. 'மீன் வளர்ச்சித் துறை' என்று நான்தான் பெயர் சூட்டினேன். விரல் நீளத்தில் சமையலறைக்குள் போகும் மீன், முழ நீளத்தில் வெளியே வரும். ஒருவர்கூடப் புகார் செய்ததில்லை. "பிடிக்கும்போதே நெனச்சேன், கை அப்படி வலிச்சுது!" என்பார்கள். அவர்கள் பிடித்த நிஜ மீனை அக்கா தொழிலாளர்களின் மதியச் சோற்றுக்கு வறுத்துவிடுவார். 'கழிவு மேலாண்மை' என்று கோப்பில் குறித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். அவர் சொன்னால் ஊரே வாயைத் திறக்கும். மீன் மட்டும் திறக்காது. படகில் ஏற மறுத்து, சாலை வழியாக வந்த அவருடைய மாமனார் முன்பே மேஜையில் காத்திருந்தார். டாக்டர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், படகு வாங்கி ஆறு மாசமா மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. இன்னிக்கு உருப்படியா ஒரு மீன் வரலேன்னா என் மானம் கப்பலேறிடும்."

"படகு இருக்கும்போது கப்பல் எதுக்கு டாக்டர்?" என்று ஆறுதல் சொல்லி வாளியை வாங்கினேன். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஜீவன்.

அரை மணியில் மேஜைக்கு முழ நீள மீன் வந்தது. டாக்டரே ஒரு கணம் மிரண்டார். அடுத்த கணம் தெளிந்துவிட்டார்.

"இருபது நிமிஷம் போராட்டம் மாமா. அது இழுக்குது, நான் இழுக்கறேன்..."

மாமனார் ஒரு துண்டைப் பிட்டார். முகர்ந்தார். மீனின் கண்ணைக் குனிந்து பார்த்தார்.

"எங்க பிடிச்சீங்க மாப்ள?"

"நடு ஏரியில."

"இது கடல் மீனாச்சே."

சந்தையில் முப்பது வருடம் மீன் விற்றவர் அவர் என்ற தகவல் நிர்வாகத்துக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை.

"லீவுக்கு வந்திருக்கும் ஐயா," என்றேன்.

"வந்திருக்கும். வந்து, செத்து, பதினஞ்சு நாளும் ஆயிருக்கும்."

அவர் எழுந்து நேராகச் சமையலறைக்குள் நடந்தார். பின்னால் டாக்டர். அதற்கும் பின்னால், பொறுப்பை உணர்ந்து, நான். உள்ளே தொழிலாளர்கள் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் வாணலியில் அந்தச் சுண்டுவிரல் மீன் பொன்னிறமாகக் கிடந்தது.

"இத யாரும்மா பிடிச்சது?"

அக்கா டாக்டரைப் பார்த்தார்.

"நான்தான் மாமா," என்றார் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு. "ஆறு மாசத்துல இது ஒண்ணுதான்."

மாமனார் மீனை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார்.

"இதுக்கா வெக்கப்பட்டீங்க? இதுதான் மாப்ள மீனு!"

மறு பாதியை மருமகன் கையில் வைத்தார். டாக்டரின் கண் கலங்கியது. அடுப்புப் புகை என்று பதிவு செய்துகொண்டேன். இருவரும் தரையில் உட்கார, தொழிலாளர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சோறு வந்தது. சிரிப்பும் வந்தது.

வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்த மச்சானுக்கும் கண்கள் மின்னின. அவர் பார்த்தது வேறு. மறுநாளே அவசரக் கூட்டம். சமையலறைத் தரை 'உள்ளறை அனுபவம்' ஆனது. பிடித்த மீன், பிடித்த அளவிலேயே பரிமாறப்படும். இப்போது அந்தத் தரையில் உட்காரப் படகுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தொழிலாளர்கள் ஃப்ரீசர் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட ஏற்பாடாயிற்று.

அவர்களையும் நாங்கள் மறந்துவிடவில்லை. மீன் வளர்ச்சித் துறையின் பலன்கள் அனைத்தும் இனி உழைக்கும் மக்களுக்கே என்று நான் அறிவித்தேன். நானே கை தட்டினேன்.

அக்கா ஃப்ரீசரைத் திறந்து ஒரு மீனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சார், இதுல நீங்க ஒரு வாய் சாப்பிடுவீங்களா?"

"தொழிலாளர் உணவில் நிர்வாகம் கை வைப்பது முறையல்ல," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கொள்கை என்றால் கொள்கை. அதனால்தான் என் சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது. தினமும் காலையில் கரை சேரும் மீனவரிடம், துடிக்கத் துடிக்க என் மனைவி பார்த்து வாங்கும் மீன்.