வாய் மூடாத மாதிரி வகுப்பு

பாடத்தை நடித்துக் காட்டுகிற ஆசிரியர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நானும் அந்த வகைதான் என்பதால் சொல்கிறேன்.

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். மூன்று பள்ளிகள் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றன, அனுப்பவில்லை. நான்காவதாக நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி கூப்பிட்டது. "இதுவும் கெடைக்கலைன்னா உங்க மாமன் கோழிப்பண்ணை ஆபீசுல போய் உக்காந்துக்க சாமி" என்று அப்பா சொல்லிவிட்டார். மறுபேச்சில்லாமல் எங்கள் ஊர் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினேன்.

மாதிரி வகுப்பு பன்னிரண்டாம் வகுப்புக்கு. கடைசி பெஞ்சில் பள்ளித் தாளாளர். மரபணுவில் மனிதனும் சிம்பன்சியும் எங்கே பிரிகிறார்கள் என்பது பாடம்.

"மெல்லும் தசைக்கான ஒரு மரபணு நமக்கு என்றோ பழுதாகிவிட்டது. சிம்பன்சிக்கு அது நன்றாக இருக்கிறது. அது வாயைத் திறந்தால் எப்படி இருக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் திறந்தேன். (திறந்து காட்டச் சொல்லி யாராவது கேட்டார்களா? இல்லை.) 'டக்'கென்று ஒரு சத்தம். அப்புறம் வாய் மூடவில்லை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணீர் முட்டியது. வலி பாதி, வேலை போச்சே என்ற பயம் பாதி. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், நமக்கு 46 என்று எழுதினேன். இரண்டு கோடுகளை முனையோடு முனை ஒட்டி ஒன்றாக்கி, கணக்கு குறைந்த விதத்தைக் காட்டினேன். எச்சில் வழிந்து சேலை நனைந்தது.

ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், சிம்பன்சியால பேச முடியாதுன்னு காட்டத்தான் நீங்க பேசாம இருக்கீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். (பொய்தான். வேறென்ன செய்ய?)

மணி அடித்ததும் தாளாளர் வந்தார். "ரொம்ப நல்லாருந்துச்சுங்க டீச்சர். இனி வாயை மூடிக்கலாமுங்க."

"ஆ... ஆ..." என்றேன். மனிதர் பதறிப்போனார்.

பள்ளி நர்ஸ் ஓடி வந்தார். கட்டைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, "அசையாதீங்க சாமி" என்று கடைவாய்ப் பற்களை அமுக்கிப் பின்னால் தள்ளினார். தாடை உட்கார்ந்தது. "வேலை கிடைக்குமா சார்?" என்பதுதான் நான் பேசிய முதல் பேச்சு.

"ஏனுங்க, பேசாமயே இத்தனை நடத்திட்டீங்க. திங்கக்கெழமை வந்துருங்க."

பதினோரு வருடமாக அங்கேதான் இருக்கிறேன், சந்தோஷமாக. நான் கொட்டாவி விட்டால் வகுப்பே தன் தாடையைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் மகனைத் திட்ட வாயைத் திறந்தால் போதும், அவன் ஓடிப்போய்ச் சாக்பீஸ் கொண்டுவந்து நீட்டுகிறான்: "எதுக்கும்மா ரிஸ்க்கு? எழுதிக் காட்டிருங்க."