பூசாரியின் வரகுக் கஞ்சி

யுத்தம் வந்து அரிசி கூப்பன் பங்கீட்டுக்குப் போன வருஷம், உடப்பு என்ற மீனவ ஊரில் சோற்றுக்குத்தான் பஞ்சம், பேய்க்கு இல்லை. கனகசுந்தரப் பூசாரி பேயோட்டக் கொட்டில் போட்ட பிறகு கிழமைக்கு இருபது பேய் பிடித்தது. குறிஞ்சிப்பிட்டியிலிருந்துகூட வள்ளம் பிடித்து வந்தார்கள்.

முறை சுலபம். வெறும் வயிற்றில் பூசாரியின் வரகுக் கஞ்சி ஒரு சிரட்டை. சற்று நேரத்தில் தலை சுற்றும், கைகால் நடுங்கும், வாய் உளறும். பேய் வெளிப்பட்டாயிற்று, வேப்பிலை அடி விழும். ஒரு நாள் படுத்து எழும்பினால் எல்லாம் சரி. கூலி ஒரு கோழி. பேய் போனதோ இல்லையோ, கோழி போனது நிச்சயம்.

தவமலர் அந்த ஊருக்கு மருமகளாக வந்து மூன்று மாதம். கணவன் மார்க்கண்டுவின் வலையில் மீன் படவில்லை. காற்றா நீரோட்டமா என்று எவரும் கேட்கவில்லை. மருமகளுக்குள் பேய் என்றார் பூசாரி. இரண்டு தரம் கஞ்சி குடித்தாள், இரண்டு தரமும் ஆடினாள். தனக்குள் ஏதோ இருக்கிறதென்று அவளே நம்பிவிட்டாள். மூன்றாம் தரமும் ஆடினால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது பூசாரியின் தீர்ப்பு. மார்க்கண்டு தலையைக் குனிந்து நின்றான். வேப்பிலை அடியைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

மூன்றாம் தரம் கஞ்சிக்குப் போனபோது, கொட்டில் அடுப்பருகே வாய் திறந்து கிடந்த சாக்கு அவள் கண்ணில் பட்டது. அவள் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்யும் வீட்டில் பிறந்தவள். மீனின் செவுளைத் தூக்கிப் பழுது சொல்லும் உடப்புக்காரருக்கு வரகு புதிது, அவளுக்குப் புதிதல்ல. கதிரிலேயே மழையில் நனைந்த வரகு அது. சிரட்டையை வாங்கியவள், காணிக்கைக் கோழிகளுக்கு முன்னால் ஊற்றினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" மாமி சின்னாச்சி பதறினாள்.

"பொறுங்கோ மாமி, பாப்பம்."

கொஞ்ச நேரத்தில் சேவல் தள்ளாடியது. பேட்டுக்கோழி சரிந்து விழுந்தது.

"பேய் கோழிக்குள்ளை பாய்ஞ்சிட்டுது," என்றார் பூசாரி.

"அப்ப எனக்குள்ளை இல்லைத்தானே. மிச்சத்தை நீங்கள் குடியுங்கோ ஐயா."

"எனக்கு இண்டைக்கு விரதம்."

"நனைஞ்ச வரகுக்குள்ளை பூஞ்சணம் இருந்து பித்தாக்கும். எங்கடை ஊரிலை அதை மாட்டுக்கும் வைக்க மாட்டினம். ஐயாவுக்கு அது தெரியும்."

சின்னாச்சி கொட்டிலுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சட்டி. உள்ளே வெள்ளைச் சோறு, மேலே கோழிக்கறி.

"விரதம் நல்லா மணக்குது," என்று சுற்றி நின்ற கூட்டத்துக்கு நீட்டிக் காட்டினாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்தாள். "வா பிள்ளை, வீட்டை போவம்."

பூசாரி மத்தியானத்துக்கு முன்னமே ஊரைவிட்டு ஓடினார், கோழிகள் மிஞ்சின. மார்க்கண்டுவின் வலையில் மறுநாளும் மீன் படவில்லை. இம்முறை அவன் காற்றைப் பார்த்தான்.

பூஞ்சணம் வரகுக்குள் மட்டுமா குடியிருக்கும், ஐயாமாரே? யோசிக்காமல் மூடி வைத்த மண்டை அதற்கு இன்னும் வசதி.