மாமனாரின் கதம்பத் துவக்கை நான் விற்ற அழகு

மிளகைக் கையில் அள்ளியதுமே எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவேன். மாத்தளையில் இருபது வருட வியாபாரம். அதனால் எதைக் கொடுத்தாலும் விற்றுவிடலாம் என்ற திமிர் எனக்கு இருந்தது. (இப்போது இல்லை. சந்தேகமென்றால் என் மனைவியைக் கேளுங்கள்.)

மாமனார் மௌத்தான பிறகு அவருடைய துவக்கு எங்கள் அலுமாரிக்கு மேல் வந்து சேர்ந்தது. வாய்வழியே வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய ரகத் துப்பாக்கி. குழாய் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துவக்கினுடையது, விசை இன்னொன்றினுடையது, பலாமரப் பிடி யட்டவத்தயில் ஒரு தச்சர் செய்தது. "புள்ளைகள் இருக்கிற வீடு. மொதல்ல இத வெளிய அனுப்புங்க" என்று மனைவி ஆறு மாதம் நச்சரித்தாள். அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து விற்க அனுமதி வாங்கினேன்.

வாங்க வந்தவர் இரத்தோட்டை முருகேசு அண்ணன். எனக்கு மிளகு தருகிறவர், காட்டுப்பன்றிக்காகத் துவக்கு வைத்திருக்க அனுமதி உள்ளவர். முற்றத்தில் நின்று நான் கல்யாணத் தரகர் மாதிரி அதன் பெருமைகளை அடுக்கினேன். அவர் மருந்து இடிக்கும் கம்பியைக் குழாய்க்குள் இறக்கினார். நாலு விரல் நீளம் வெளியே நின்றது.

"இது ஏங்க உள்ள போகல்ல?"

"அண்ணே, இது கதம்பத் துவக்கு. கம்பியும் வேற எதோடயோதான். நீளம் கூட. இப்பவே அறுத்துத் தாறேன்" என்று இரும்பறுக்கும் வாளைக் கூட எடுத்து வந்துவிட்டேன்.

அவர் கம்பியை உருவி, குழாயின் வெளிப்பக்கத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். அச்சாக அதே நீளம். மெதுவாகத் துவக்கின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"மொதலாளி, கம்பி சரியாத்தாங்க இருக்கு. உள்ளுக்கு மருந்து இடிச்சபடியே கெடக்குதுங்க."

அன்று காலையில்தான் அதன் வாயில் என் வாயை வைத்துத் தூசி ஊதியிருந்தேன். போன் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டியும் பார்த்திருந்தேன். அலுமாரிக்கு மேல் கிடந்த காலமெல்லாம் அது எங்கள் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"நெருப்புக் குடுக்கிற கேப்பு போடல்லீங்க. அதுதான் தப்பிச்சீங்க" என்றார். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, முனையில் திருகாணி வைத்த கம்பியால் தோண்டினார். தென்னந்தும்பு, ஈய உருண்டைகள், கறுத்த சேறாய் மருந்து எல்லாம் வந்தன. நான் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டதே இல்லை. அவர் சொன்ன விலைக்கே துவக்கைக் கொடுத்தனுப்பினேன்.

இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், சோறு வைப்பதற்குள் யாராவது இந்தக் கதையைக் கிளறிவிடுகிறார்கள். சிரிக்க முகம் மிச்சமிருக்கிறதே என்று நானும் சிரிக்கிறேன். என் மனைவி மட்டும் சிரிக்காமல் சொல்லி முடிப்பாள்: "வாப்பா காட்டுப் பண்டிக்கு வச்சது. பண்டி வரல்ல. இவர்தான் போய் வாய வச்சார்."